மஞ்சள் காய்ந்த எஞ்சின்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு நின்றவள். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் இன்னொன்று வந்து நிற்கும், சொல்ல வந்தது நழுவிவிடும். நாலு பேர் நடுவில் வாய் திறக்கவும் எனக்கு வராது. மீன் விற்கும் இடத்தில்கூட பக்கத்துக் கூடைக்காரி கூவுவாள், நான் அவள் கூவலுக்கு வருகிற ஆட்களுக்கு என் மீனையும் விற்றுவிட்டு வருவேன். அப்படிப்பட்டவள் எழுதுவது இது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழவேற்காடு முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் எங்கள் குப்பம். எங்களுக்கு ஒரு பைபர் படகு. அதுவும் ஒருவர் ஓட்டிக் கழித்ததை வாங்கியதுதான். அதில் என் வீட்டுக்காரரும் என் மகனும் சேர்ந்து போவார்கள். என் பயம் எல்லாம் அந்த ஒன்றில்தான் இருந்தது. எனக்கு இருப்பது அந்த இரண்டு பேர், இரண்டு பேரும் ஒரே படகில்.

பெரிய விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் வந்தால் எங்களைப் போன்ற சின்னப் படகுகள்தான் கரையோரம் போகும். அந்த நாட்களில்தான் எங்கள் மீனுக்கு மரியாதை. அந்த வருஷம் தடை தொடங்கி இரண்டாவது வாரமே எங்கள் எஞ்சின் கெட்டது. கெட்ட இடம்தான் கெட்ட இடம்.

காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குத் தெற்கே வலை விட்டிருக்கிறார்கள். வலை விட்டதும் எஞ்சினை நிறுத்திவிடுவார்கள். வலை நனைந்து மீன் ஏறுகிறவரை காத்திருக்க வேண்டும், அதற்குள் எஞ்சின் ஆறிப்போகும். அன்றைக்குத் தென்காற்று சட்டென்று எழும்பியது. வலையை வாரிப் போட்டுவிட்டு என் மகன் எஞ்சின் கயிற்றை இழுத்தான், கிளம்பவில்லை. மறுபடி இழுத்தான். காற்று படகை வடக்கே தள்ளிக்கொண்டே போனது. வடக்கே துறைமுகத்துக்காகக் கொட்டிய கருங்கல் அணை. அலை அதில் மோதி மேலே எகிறுவது தெரியுமளவுக்குக் கிட்டத்தில் போய்விட்டார்களாம். வேறு குப்பத்துப் படகு ஒன்று கயிறு வீசி இழுத்து வந்தது. என் மகன் கரையில் இறங்கி உள்ளங்கையைக் காட்டினான். தோல் உரிந்து கிடந்தது. என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

குப்பத்து மெக்கானிக் வந்து கழற்றிப் பார்த்தார். "இதுக்கு மேல இதுல செலவு பண்றது செத்தவனுக்கு ஊசி போடற மாதிரி" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்தார்.

அப்புறம் வீட்டில் ஒரே பேச்சு. புது எஞ்சினை நாங்கள் நினைக்கவே முடியாது. மகளிர் குழுவில் என் மருமகள் வாங்கிய கடன், என் கம்மலை அடகு வைத்தது, இரண்டும் சேர்ந்து பழைய எஞ்சின் வாங்கத்தான் காணும்.

என் வீட்டுக்காரருக்கு டீசல் எஞ்சின் மேல் ஆசை. நீளத் தண்டு வைத்து முனையில் விசிறி சுற்றுமே, அது. "டீசலு கம்மியா குடிக்கும். கயிட்டி மாட்றதும் சுளுவு" என்றார்.

"நைனா, அதும் வெயிட்டு இன்னா தெரியுமா? நம்ம படகுல எஞ்சினு மாட்டற பின்பலகையே உளுத்துப் போய்க்கீது. எஞ்சினு மட்டும் தனியா கடலுக்குள்ள போயி மீன் புடிக்கும், நாம கரையில உக்காந்து பாக்கலாம்" என்றான் மகன்.

"அப்ப இன்னா வாங்கணும்ன்ற?"

"பெட்ரோல்ல கிளப்பி மண்ணெண்ணெயில ஓட்டறதே வாங்கலாம். கொஞ்சம் பெரிசா. முகத்துவாரத்துல தண்ணி இழுக்கறப்ப நம்ம படகு நின்ன எடத்துலயே நீச்சல் அடிக்குது."

எனக்குப் பெரிசும் தெரியாது, சின்னதும் தெரியாது. ஒன்று மட்டும் கேட்க வேண்டும் போல் இருந்தது. ஆறிப்போன பிறகு கிளம்புமா? கேட்கவில்லை. எனக்கு என்ன தெரியும் என்று இருந்துவிட்டேன்.

கும்மிடிப்பூண்டியில், கம்பெனிகள் இருக்கும் பக்கம், பழைய எஞ்சின் விற்கிறவர் ஒருவர் இருப்பதாக யாரோ சொன்னார்கள். வெள்ளிக்கிழமை காலையில் மூன்று பேரும் கிளம்பினோம். மூன்றாவது ஆள் நான் எதற்கு என்று கேட்பீர்கள். எங்களில் எஞ்சினோ வலையோ எது புதிதாக வந்தாலும், வீட்டுப் பெண்பிள்ளை மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் ஏற்றினால்தான் கயிற்றில் கை வைப்பார்கள். மருமகளுக்குக் கம்பெனியில் ஷிப்டு. அதனால் நான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு பொருளுக்கு மஞ்சள் வைத்துவிட்டால் அதை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. சொன்னால் அந்த வருஷக் கடல் சரியாக இருக்காது என்பார்கள்.

பொன்னேரியில் ரயில் ஏறிக் கும்மிடிப்பூண்டியில் இறங்கினோம். ஸ்டேஷனில் இருந்து மகன் அந்த ஆளுக்குப் போன் போட்டு, "வந்துட்டோண்ணே, இதோ ஆட்டோ ஏறிட்டோம்" என்றான். அந்தப் போன்தான் அவருக்கு வேண்டியிருந்தது என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை. உள்ளே கம்பெனிகள் கழித்துப் போட்ட மோட்டார், பம்பு, தராசு எல்லாம் குவியலாகக் கிடந்தன. அந்த ஆள் எங்களுக்காக ஒரு எஞ்சினைத் துடைத்துப் பெரிய தண்ணீர் டிரம்மில் மாட்டி வைத்திருந்தார். நீலப் பெயிண்டு பளபளவென்று இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் மரக்கட்டையில் இன்னொரு எஞ்சின் சாய்ந்து கிடந்தது. மூடி இல்லை, பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது.

"அது இன்னாண்ணே, தையல் மிஷினா?" என்றான் மகன்.

அந்த ஆள் சிரித்தார். "அது உனுக்கு எதுக்கு நைனா? ஏரியில ஓடின சின்ன எஞ்சினு. நீ கடலுக்குப் போறவன். இத பாரு, சிங்கம். ஆறு மாசமா சும்மா நிக்குது, ஒருத்தன் கை படல. டப்புக்கு ஏத்த சரக்கு."

மகன் நீல எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்தான். விசிறியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். என் வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் முடித்தாக வேண்டும் என்பது அவருக்கு. விலை பேசினார்கள், இழுத்தார்கள், விட்டார்கள். கடைசியில் என் வீட்டுக்காரர் வெற்றிலை மேல் முன்பணம் வைத்துக் கொடுத்துவிட்டார்.

"ஏமே, மஞ்சள வையி. நேரம் போய்க்கினே கீது. கற்பூரத்த ஏத்தின உடனே இயுத்துப் பாத்துடலாம்" என்றார் என்னிடம்.

அந்த ஆள் மேல் மூடியைக் கழற்றிக் கொடுத்தார். நான் கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்தேன். எப்போதும் கொஞ்சம் தண்ணீராகத்தான் குழைப்பேன், அப்போதுதான் இரும்பில் பிடிக்கும். மூன்று விரலில் எடுத்து எஞ்சின் நெற்றியில் இழுத்தேன்.

விரலை எடுக்கும்போதே மஞ்சள் வெளுத்துவிட்டது. ஓரம் காய்ந்து, பார்க்கப் பார்க்கப் பொருக்குத் தட்டியது. விரல் நுனியில் சூடு தெரிந்தது.

ஆறு மாசம் யாரும் தொடாத இரும்பு எப்படிச் சுடும்? வெயில் என்று பார்த்தால் கொட்டகைக்குள் வெயிலே இல்லை. எனக்கே என் மேல் நம்பிக்கை வரவில்லை. பூ எடுப்பது போல அந்தப் பக்கம் திரும்பி, மரக்கட்டையில் கிடந்த சின்ன எஞ்சினின் பிளாஸ்டிக் தாளை விலக்கி, அதே விரலால் ஒரு பொட்டு வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. மஞ்சள் ஈரமாக அப்படியே நின்றது.

திரும்பி வந்து நீல எஞ்சினுக்குப் பூ வைக்கும்போதுதான் டிரம்மைப் பார்த்தேன். தண்ணீர் மேல் எண்ணெய் மினுமினுத்தது. நாங்கள் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தபோது இந்த ஆள் இதை ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார். இப்போது இழுத்தால் ஒரே இழுப்பில் கிளம்பும். இவர்கள் சிரித்துக்கொண்டு மீதிப் பணத்தைக் கொடுப்பார்கள். பிறகு ஒருநாள் வலை விட்டுவிட்டு ஆறிய எஞ்சினை இழுப்பார்கள்.

"இந்தாங்க..." என்றேன்.

"அப்பறம் சொல்லு. மொதல்ல கற்பூரம்."

பின்னால் அந்த ஆள் நின்றார். வெற்றிலை வைத்தாகிவிட்டது, மஞ்சளும் வைத்தாகிவிட்டது. நான் தப்பாகச் சொல்லி, கிளம்பிவிட்டால்? கையில் தீப்பெட்டி இருந்தது. மஞ்சள் கையைக் கழுவுகிறவள் போல டிரம்முக்குள் கையை விட்டேன், தீப்பெட்டியோடு.

ஒரு குச்சியும் பற்றவில்லை. மருந்து கரைந்து விரலில் ஒட்டியது.

"கற்பூரம் ஏத்தச் சொன்னா தீப்பெட்டிக்குத் தலைக்கு ஊத்திக்கினு கீறா!" என்று கத்தினார் என் வீட்டுக்காரர்.

அந்த ஆள் சட்டைப் பையில் இருந்து லைட்டரை எடுத்து நீட்டினார். "இந்தாங்க பெரியவரே, இதுல ஏத்துங்க."

"சிகரெட்டு பத்த வெக்கறதுல சாமிக்கு ஏத்துவாங்களா? டேய், கடைக்கு ஓடி தீப்பெட்டி வாங்கினு வாடா."

மகன் ரோட்டுக் கடைக்கு ஓடினான். கன்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன, அவன் இந்தப் பக்கம் கடக்கவே நேரமாகிவிட்டது. அவன் வந்து சேர்ந்தபோது என் வீட்டுக்காரர் கடிகாரத்தைக் காட்டினார். ராகு காலம் பிறந்துவிட்டது.

"போச்சி. பன்னெண்டு வரைக்கும் உக்காரு. எல்லாம் இவளால."

அந்த ஆளுக்கு முகம் மாறியது. "பெரியவரே, சும்மா ஒரு தடவ இயுத்துப் பாத்துக்கலாம். பூஜய அப்பறம் போட்டுக்கங்க."

"ராகு காலத்துல கயித்துல கைய வெச்சா நான் வாங்க மாட்டேன்."

டீ வாங்கி வந்து கொடுத்தார். மீன் விலையெல்லாம் விசாரித்தார். ஆனால் அவர் கண் எஞ்சின் மேலேயே இருந்தது, என் கண் அவர் மேலேயே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு சாக்கை எடுத்து வந்து, "தூசி படுது" என்று எஞ்சின் மேல் போர்த்தினார். சோற்றுப் பானை ஆறாமல் இருக்க நான் துணி சுற்றுவேனே, அதே மாதிரி.

எழுந்து போய் அந்தச் சாக்கை எடுத்துக் கீழே வைத்தேன். "பூ நசுங்கிடும்" என்றேன். அந்த ஆளிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது. அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன், அசையவில்லை. அவ்வப்போது இரும்பைத் தொட்டுப் பார்த்தேன். சூடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டு வந்தது. ஆறிய பிறகும் நன்றாகவே கிளம்பிவிட்டால் நல்லதுதானே, ஏன் இப்படி நினைக்கிறோம் என்றும் தோன்றியது.

பன்னிரண்டு தாண்டியதும் புதுத் தீப்பெட்டியில் கற்பூரம் ஏற்றினேன். எலுமிச்சம்பழம் சுற்றினார்கள். மகன் காலை ஊன்றிக் கயிற்றை இழுத்தான்.

கிளம்பவில்லை. மறுபடி இழுத்தான். எஞ்சின் ஒரு முறை இருமியது, அவ்வளவுதான். அந்த ஆள் கிட்டே வந்து எதையோ திருகினார், பெட்ரோலைக் கையால் பம்பு செய்தார். மகனுடைய பழைய புண் பிளந்துவிட்டது, கயிற்றில் சிவப்பாகத் தெரிந்தது. பிறகு அந்த ஆளே வாங்கி இழுத்தார். எத்தனை இழுப்புக்கு அப்புறமோ வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது.

"பாத்தீங்களா, சிங்கம்! நாளாச்சி இல்ல, அதான் மொரண்டு புடிச்சிது" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு.

மகன் அப்பாவைப் பார்த்தான். என் வீட்டுக்காரர் எஞ்சினைப் பார்த்தபடி, "மஞ்ச வெச்சாச்சி. இனிமே இன்னா பண்றது. மெக்கானிக்க வுட்டு சரி பண்ணிக்கலாம்" என்றார். அவர் குரலில் தெம்பே இல்லை. சந்தேகம் அவருக்கும் வந்துவிட்டது. ஆனால் வைத்த மஞ்சளை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

நான் எழுந்தேன். கால் மரத்துப் போயிருந்தது.

"மஞ்ச வெச்சவ நானு. நானே எடுத்துக்கறேன்" என்றேன். முந்தானையை டிரம்மில் நனைத்து எஞ்சின் நெற்றியைத் துடைத்தேன். காய்ந்து கிடந்ததால் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. "கடல் கோவிச்சிக்கினா என்ன கோவிச்சிக்கட்டும். நாங்க வந்தப்போ இது சுட்டுது. மஞ்ச கையிலயே காஞ்சிது. கல்லாண்ட போய்க்கினு இருக்கறப்ப இத யாரு சூடு பண்ணிக் குடுப்பா?"

எஞ்சின் தட்தட்டென்று அடித்துவிட்டு அதுவாகவே நின்றது. அந்த நேரம் பார்த்து நின்றதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும்.

"யம்மா..." என்றான் மகன்.

அந்த ஆள் முதலில் சத்தம் போட்டார். "பழய எஞ்சின சூடு பண்ணாம யாரு காட்டுவாங்க? பொண்ணு பாக்க வந்தா பவுடர் போட்டுதான காட்டுவாங்க?" என்றார். முன்பணம் திரும்ப வராது என்றார். மகன் அவர் சட்டைக்குக் கிட்டே போனான். என் வீட்டுக்காரர் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். அப்படி நிறுத்தும்போதுதான் அவர் கண் மரக்கட்டைப் பக்கம் போனது.

"அதுக்கு யாரு மஞ்ச வெச்சது?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தையல் மிஷின் நெற்றியில் நான் வைத்த பொட்டு. நான் பேச வேண்டியதையெல்லாம் பேசித் தீர்த்தாகிவிட்டது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், பிறகு தானே போய் அந்த எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார். புறங்கையை வைத்துப் பார்த்தார், ஜுரம் பார்க்கிறவர் மாதிரி.

"ஜில்லுன்னு கீது. டேய், இத டிரம்முல மாட்டு."

"நைனா, இது ரொம்ப சின்னது."

"மாட்றா."

அந்த எஞ்சினை அன்றைக்கு யாரும் சூடு பண்ணவில்லை. அதை யாரும் கேட்பார்கள் என்று அந்த ஆள் நினைக்கவேயில்லை. புதுப் பெட்ரோல் ஊற்றினார்கள். முதல் இழுப்புக்கு ஒன்றும் இல்லை. இரண்டாவதற்கும் இல்லை. மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. சின்னச் சத்தம்தான், ஆனால் விட்டு விட்டு வராமல் ஒரே சீராக வந்தது. அதை நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி இழுத்தார்கள். பிறகும் ஆறவிட்டு இழுத்தார்கள். மதியச் சாப்பாடு இல்லாமல் அதே வேலை. கடைசியில் அந்த ஆளே சலித்துப்போய், "பேஜாரு புடிச்ச குடும்பம்யா இது, எடுத்துனு போங்க" என்று முன்பணத்தை அதிலேயே கழித்துக்கொண்டார். விலை குறைவு என்பதால் கையில் கொஞ்சம் மிஞ்சியது. அந்தப் பணத்தில் உளுத்த பின்பலகையை மாற்றினோம்.

குட்டி யானை வண்டியில் எஞ்சினை ஏற்றி, அதன் பக்கத்தில் சாக்கு விரித்து நான் உட்கார்ந்து வந்தேன். முன்னால் டிரைவரோடு அவர்கள் இரண்டு பேரும். பொன்னேரி வரும்வரை மகன் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

முதல் நாள் முகத்துவாரத்தில் நின்று பார்த்தேன். தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டிருந்த நேரம். மகன் சொன்னது சரிதான், எஞ்சினுக்கு வலு போதவில்லை. அலை தூக்குகிறது, படகு இறங்குகிறது, மறுபடி அதே இடத்தில் நிற்கிறது. பக்கத்தில் நின்ற ஒருத்தி, "இன்னாக்கா, உங்க படகு போவுதா வருதா?" என்று கேட்டாள். அலைக்கு நடுவில் ஒரு இடைவெளி கிடைத்தது, மெல்ல வெளியே போய்விட்டார்கள்.

அன்றைக்கு மத்தியானம் தென்காற்று அடித்தது. பலமான காற்று. மற்ற படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. எங்களுடையது இல்லை. இந்நேரம் வலை வாரியிருப்பார்கள், இந்நேரம் கயிறு இழுத்திருப்பார்கள் என்று மணலில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டே இருந்தேன். முதல் இழுப்பு, இரண்டாவது இழுப்பு என்று என் கையும் சேர்ந்து இழுத்தது.

படகு கண்ணுக்குத் தெரியும் முன்னாலேயே சத்தம் கேட்டது. தையல் மிஷின் சத்தம்.

கரையில் இறங்கியதும் என் வீட்டுக்காரர் மீன் கூடையை என் கையில் கொடுத்தார். மீன் அதிகம் இல்லை. "மூணு எட்த்துல நிறுத்தி வலை வுட்டோம்" என்றார். "மூணு தபாவும் எந்திரிச்சிது." கொஞ்ச தூரம் நடந்து போனவர் நின்று, "ஊட்ல தீப்பெட்டி கீதா, இல்ல அதையும் குளிப்பாட்டிட்டியா?" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்பது மாதிரி பேசியது அது ஒன்றுதான்.

நான் எழுதியதில் எத்தனை குதிரைத்திறன், எந்தத் திருகைத் திருகினார்கள் என்பதெல்லாம் இல்லை. அவை எனக்குத் தெரியாது. மூன்றாவது இழுப்பா நான்காவதா என்பதில் எனக்கே இப்போது சந்தேகமாக இருக்கிறது. தடைக்காலம் தொடங்கி இரண்டாவது வாரமா, மூன்றாவதா, அதுவும் சரியாக நினைவில்லை. படகு வேலை தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், என் மகனிடம் ஒரு முறை கேட்டுச் சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். அவன் மத்தியானத்துக்கு மேல் கரைக்கு வந்துவிடுவான். மஞ்சள் காய்ந்ததை மட்டும் திருத்த வேண்டாம். அதை என் விரலால் தொட்டுப் பார்த்தேன்.